மன்னித்தருளிய மாமா

“மாமா உன்னை மன்னிச்சுட்டாராம்டா” என்று அத்தை போனில் சொன்னதும் ஒருவன் சந்தோஷப்பட்டால், அவனுக்கு மாமாவைத் தெரியாது என்று அர்த்தம். தெரிந்தவனுக்கு வயிற்றில் புளி கரையும். நாம் ஏதோ தப்புச் செய்திருக்கிறோம் என்பதே அந்த போனில்தான் நமக்குத் தெரிய வருகிறது. சம்மன் இல்லை, விசாரணை இல்லை, வாய்தா இல்லை. எடுத்த எடுப்பில் கருணை மனு ஏற்கப்பட்டுவிட்டது. மனுப் போட்டது யார் என்றுதான் தெரியவில்லை.

“எதுக்கு அத்தை மன்னிச்சாரு?”

“அதை எங்கிட்டயும் சொல்லலை. ‘போகட்டும், அவனாவது நல்லா இருக்கட்டும்’னு சொல்லிட்டுப் படுக்கப் போயிட்டாரு.”

சாபத்துக்கு உரிய குரலில் ஆசீர்வாதம் பண்ணுவதில் மாமாவை மிஞ்ச ஆள் கிடையாது.

உங்கள் வீட்டில் அவர் பெரியப்பாவாக இருக்கலாம், ஓரகத்தியாக இருக்கலாம், ஆபீசில் பக்கத்து மேஜைக்காரராகவும் இருக்கலாம். நான் பொதுவாகத்தான் சொல்கிறேன். வங்கியில் ஓய்வுபெற்று, சட்டைப் பையில் இரண்டு பேனா செருகிக்கொண்டு, வெயிலானாலும் மழையானாலும் மரப்பிடி போட்ட குடையோடு வருகிற எவரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

மன்னிப்புச் செய்தி வந்த பிறகுதான் நம் பாடு ஆரம்பிக்கிறது. என்ன குற்றம் என்பதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். காதுகுத்துப் பத்திரிகையில் அவர் பெயருக்குப் பின்னால் பி.காம். விட்டுப்போனதா? வீட்டுக்கு வந்து தட்டில் வைத்துக் கொடுக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பியதா? அவர் மேடை ஏறிய நேரம் பார்த்து போட்டோகிராபர் பேட்டரி மாற்றியதா? பந்தியில் அவர் இலையைத் தாண்டி வடை போனதா? குடும்பக் குழுவில் அவர் போட்ட தாமரைப்பூக் காலை வணக்கத்துக்கு நீல டிக் விழுந்தும் பதில் போடாமல், அடுத்து வந்த சித்தப்பாவின் ரோஜாப்பூவுக்கு மட்டும் கை கூப்பியதா? யோசிக்க யோசிக்க, செய்யாததோடு உண்மையிலேயே செய்ததும் நினைவுக்கு வந்து தொலைக்கும். அவர் கணக்கில் ஒன்றுதான் இருந்திருக்கும். நம் கணக்கில் ஏழெட்டு சேர்ந்துவிடும்.

நேரே போய்க் கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். கேட்டவர்கள் உண்டு.

“மாமா, நான் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனா?”

“சேச்சே! என்ன மாப்ள, பெரிய வார்த்தையெல்லாம் பேசற? நான் எதையும் மனசுல வச்சுக்கறவன் இல்லை. அதை அன்னைக்கே மறந்துட்டேன்.”

“எதை மாமா?”

“அதான், போன ஆவணி மாசம், ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் நாலே கால் மணி இருக்கும். வெளியில தூறல் வேற போட்டுக்கிட்டிருந்தது. நீ அந்தப் பச்சை கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தே. சுத்தமா மறந்துட்டேன். விடு.”

மாதம், கிழமை, மணி, தூறல், சட்டையின் கட்டம் எல்லாம் கிடைத்துவிட்டன. குற்றத்தை மட்டும் கொடுக்க மாட்டார். அதைக் கொடுத்துவிட்டால் நாம் ஏதாவது பதில் சொல்லிவிடுவோம். ‘அது நான் இல்லை மாமா, அன்னைக்கு நான் ஊர்லயே இல்லை’ என்று சொல்லிவிட்டால் அவர் மன்னித்த மன்னிப்பெல்லாம் என்ன ஆவது?

மன்னித்த வீட்டில் கை நனைக்க மாட்டார். ஆனால் வருவார். வராமல் இருந்தால் கோபம் என்று ஆகிவிடுமே! சோபாவை விட்டுவிட்டு, வாசலை ஒட்டிக் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்காருவார். குடையைக் கீழே வைக்க மாட்டார். காபி வரும். “இப்பத்தாம்மா குடிச்சுட்டு வரேன்.” டவரா டம்ளர் ஸ்டூல் மேல் உட்கார்ந்திருக்கும். மாமா காபிக்கு உயிரை விடுகிறவர், அதுவும் எங்கள் வீட்டு டிகாக்‌ஷனுக்கு. மழை இல்லாததைப் பற்றியும் மாம்பழ விலையைப் பற்றியும் வாய் பேசிக்கொண்டிருக்கும். கண் டம்ளரை விட்டு நகராது. ஆவி அடங்கும், ஆடை கட்டும், ஆடை சுருங்கி ஓரத்தில் ஒதுங்கும். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும். அப்புறம் எழுந்து, தட்டில் நீட்டிய வெற்றிலை பாக்கில் ஒரே ஒரு பாக்கை எடுத்து, வாயில் போடாமல் சட்டைப் பையில் பேனாக்களுக்கு நடுவே போட்டுக்கொண்டு போவார். இதற்குப் பெயர் மன்னிப்பு. கோபம் என்றால் காபியைக் குடித்துவிட்டுக் கத்தியிருப்பார். காபியாவது வீணாகியிருக்காது.

ராய் பாமைஸ்டரும் வேறு இரண்டு உளவியலாளர்களும் சேர்ந்து 1998இல் எழுதிய கட்டுரை ஒன்றில் மன்னிப்பை இரண்டு பக்கமாகப் பார்க்கிறார்கள்: மனதுக்குள் நடப்பது ஒன்று, சம்பந்தப்பட்ட ஆளிடம் வெளிக்காட்டுவது ஒன்று. வாயால் மன்னித்துவிட்டேன் என்று சொல்லி உள்ளுக்குள் புகைந்தால் அது வெற்று மன்னிப்பு. உள்ளே மன்னித்துவிட்டு வெளியே சொல்லாமல் இருந்தால் அது மௌன மன்னிப்பு. பாவம், அவர்கள் மாமாவைப் பார்க்கவில்லை. மாமா உள்ளேயும் மன்னிப்பதில்லை, ஆளிடமும் சொல்வதில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்கிறார்.

வள்ளுவர் பொறையுடைமைக்கு ஒதுக்கியது ஓர் அதிகாரம், பத்துக் குறள். ஊடலுக்கோ கடைசி மூன்று அதிகாரங்களை, முப்பது குறளைக் கொடுத்துவிட்டு நூலையே முடித்துக்கொண்டார். மாமா கடை போட்டிருப்பது பொறையுடைமையின் பெயரில், உள்ளே இருக்கிற சரக்கெல்லாம் புலவி. ஊடல் உப்பு மாதிரி அளவோடு இருக்க வேண்டும், கொஞ்சம் நீண்டாலும் கெட்டுவிடும் என்று வள்ளுவர் எச்சரிக்காமல் இல்லை. மாமா வேதாரண்யத்தில் உப்பளமே வைத்திருக்கிறார். போகட்டும், அந்த முப்பதும் காதலனுக்கும் காதலிக்கும் சொன்னது. மச்சானுக்கும் மருமகனுக்கும் சொன்னதல்ல.

பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் எங்கள் பையன் ஒருவன் ஆபீஸ் பயிற்சியில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தான். ‘நீ இப்படிச் செய்தாய்’ என்று பேச்சை ஆரம்பிக்கக் கூடாதாம், ‘எனக்கு இப்படி இருந்தது’ என்று ஆரம்பிக்க வேண்டுமாம். தாமஸ் கார்டன் என்கிற அமெரிக்க உளவியலாளர் அரை நூற்றாண்டுக்கு முன்பே பெற்றோர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழிதான். நல்ல வழி. பையன் அதை மாமாவிடம் கொண்டுபோனான்.

“தாத்தா, நீங்க யார்கூடயும் பேசாம இருக்கிறப்போ எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. உங்க மனசுல என்ன இருக்குன்னு சொன்னீங்கன்னா…”

மாமா அவன் தலையில் கை வைத்தார். “உம்மேல எனக்கு ஒண்ணும் இல்லப்பா. உன்னையும் மன்னிச்சுட்டேன்.”

அதுவரை பட்டியலிலேயே இல்லாத பையன்!

மாமாவைத் திக்குமுக்காட வைத்தவர் ஒரே ஒருவர்தான், சௌகார்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஜைனர். பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டி அவர்களுக்குப் பர்யூஷண் முடிந்து சம்வத்சரி வரும். தெரிந்து செய்தது, தெரியாமல் செய்தது எல்லாவற்றுக்கும் சேர்த்து, தெரிந்தவர் அத்தனை பேரிடமும் கைகூப்பி ‘மிச்சாமி துக்கடம்’ என்று மன்னிப்புக் கேட்பார்கள். எதிரில் நிற்பவரும் அதையே திருப்பிச் சொல்லிக் கேட்க வேண்டும். மறுநாள் குக்கர் வாங்கப் போன மாமாவிடம், நாள்பட்ட வாடிக்கையாளர் ஆயிற்றே என்று கடைக்காரர் அதைச் சொல்லி, விளக்கமும் சொல்லியிருக்கிறார். மாமாவுக்கு வேர்த்துவிட்டது. ஒரு மனுஷன் நேருக்கு நேர் நின்று, வாயைத் திறந்து, அதுவும் தானாகக் கேட்கிறான். கேட்காதவர்களையே மன்னித்துப் பழகியவருக்குக் கேட்டவனை என்ன செய்வது என்று தெரியவில்லை. தானும் திருப்பிக் கேட்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய இடி. குக்கர் வாங்காமலே திரும்பிவிட்டார். “அவன் எனக்கு என்ன பண்ணினான்னு தெரியலையே” என்று ராத்திரி முழுக்கப் புலம்பினாராம். அத்தை அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இவருக்கு நேர் எதிர், பெரியம்மா. முகூர்த்த நேரத்தில், நாதஸ்வரத்துக்கு மேலே குரலை ஏற்றி, “எம் பொண்ணுக்கு மட்டும் சாயம் போற சேலையாடி எடுத்தே?” என்று கேட்டுவிடுவார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும், பழைய கதை வரும், செத்துப்போன பாட்டி வரை வருவாள், இரண்டு பேரும் மூக்கைச் சிந்துவார்கள். அடுத்த பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. மானம் போகிறதே என்று நாங்கள் தலையில் அடித்துக்கொள்வோம். ஆனால் பெரியம்மாவுக்கு யார்மேல் என்ன கோபம் என்பது தெருவில் பால்காரருக்கே தெரியும். யாரும் உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ண வேண்டியதில்லை.

மாமா விஷயத்தில் எனக்கு உண்மையாகவே ஆத்திரம் வருவது காபிக்காகவோ என் சட்டைக்காகவோ அல்ல. அத்தையின் தம்பியை மாமா எப்போதோ மன்னித்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. பொங்கல் சீர் கையில் வராமல் கூரியரில் வருகிறது. அத்தை ‘கோயிலுக்குப் போயிட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டுப் போய், அம்மன் சன்னதிப் பிரகாரத்தில் தம்பியோடு பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வருகிறார். அறுபதைத் தாண்டிய பெண்மணி, கூடப் பிறந்தவனைத் திருட்டுத்தனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. தம்பி என்ன தப்புச் செய்தான் என்பது தம்பிக்கும் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. இதே ஒரு வரப்புத் தகராறு, சொத்து வழக்கு என்றால்கூட வழி இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005இலேயே சமரச மையம் ஆரம்பித்தார்கள். எதிரெதிரே உட்கார வைத்து, நடுவில் ஒருவர் இருந்து, இரண்டு பக்கத்தையும் வாய்விட்டுப் பேச வைப்பார்கள். 2023ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம் அதை 120 நாளுக்குள் முடிக்கச் சொல்கிறது, தேவைப்பட்டால் இன்னும் 60 நாள் தருகிறது. ஆனால் அங்கே போக ஒரு தகராறு வேண்டும். மாமாதான் தகராறே இல்லை என்கிறாரே! மன்னித்துவிட்ட மனிதரை எந்தப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவது?

இவ்வளவும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தத் தம்பிக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த ராத்திரி, அவர் பிள்ளைகள் வந்து சேருவதற்கு முன்னால் ஐ.சி.யூ. வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் மாமா. நல்லதுக்குத்தான் அழைப்பு வேண்டும், கெட்டதுக்கு வேண்டாம் என்பது அவர் கட்சி. அட்வான்ஸ் பணத்தைக் கட்டிவிட்டு ரசீதை யாருக்கும் காட்டாமல் மடித்து வைத்துக்கொண்டார். பிளாஸ்கில் கஞ்சியும் அவரே கொண்டுவந்தார். தம்பி வீட்டுக்காரம்மா கொடுத்த கேன்டீன் காபியை, யோசிக்காமல், இரண்டு கப் குடித்தார். ஆஹா, முடிந்தது சண்டை என்று நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். டிஸ்சார்ஜ் ஆன அன்று சாயங்காலமே தம்பி மறுபடியும் மன்னிக்கப்பட்டுவிட்டார். “உடம்பு முடியாதவன்கிட்ட போய் மன்னிப்பு, கின்னிப்புன்னு காட்டிக்கிட்டு இருக்க முடியுமா? அதான் நடுவுல நிறுத்தி வச்சிருந்தேன்” என்று விளக்கம் வேறு.

வருகிற தை மாதம் திருக்கடையூரில் மாமாவுக்குப் பீமரத சாந்தி. எழுபது முடிகிறது. யார் யாருக்குப் பத்திரிகை வைப்பது என்று நோட்டும் கையுமாக உட்கார்ந்தார்கள். மன்னிக்கப்பட்டவர்களை நீக்கிப் பார்த்தால், மாமாவும் அத்தையும் ஐயரும் மிஞ்சினார்கள்.

“தம்பியைத்தான் மன்னிச்சுட்டீங்களே, அவனுக்கு ஒண்ணு வைக்கலாம்ல?” என்றார் அத்தை.

“வைக்கலாம். வச்சா நான் மன்னிச்சது அவனுக்குத் தெரிஞ்சு போயிடும்.”

“தெரியட்டுமே. என்ன இப்ப?”

“எதுக்குன்னு கேப்பான்.”

அத்தை நிமிர்ந்து பார்த்தார். மாமா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்து ஆண்டர்சன் தெருவிலிருந்து பத்திரிகை அடிக்கிறவர், எண்ணிக்கை எத்தனை என்று கேட்டு மறுபடியும் போன் பண்ணினார். அத்தை, மாமா பக்கம் திரும்பாமலே, “நூத்தம்பது போடுங்க” என்றார்.