கேலரிக்கு அடியில் அணு உலை

? சிகாகோ பல்கலைக்கழகத்தின் பழைய ஃபுட்பால் மைதானம் உலகப் புகழாமே. அப்படி என்ன பெரிய மேட்ச்? (தஞ்சாவூர்)

மேட்சை நிறுத்தி மூன்று வருஷம் கழித்துத்தான் அங்கே நிஜ ஆட்டம்! 1942 டிசம்பர் 2. ஸ்டாக் ஃபீல்ட் என்ற அந்த மைதானத்தின் மேற்கு கேலரிக்குக் கீழே, ஸ்குவாஷ் கூடத்தில், மனிதன் உண்டாக்கி அடக்கியும் காட்டிய முதல் அணுத் தொடர்வினை. நடத்தியவர் இயற்பியல் விஞ்ஞானி என்ரிகோ ஃபெர்மி.

? ஸ்டாக் என்பவர் நிலம் கொடுத்த வள்ளலா? (விருதுநகர்)

நிலம், மார்ஷல் ஃபீல்ட் என்ற கடை முதலாளி உபயம். அமோஸ் அலோன்சோ ஸ்டாக், கோச். 1892 முதல் 1932 வரை அங்கேதான். எழுபது வயதாகிவிட்டது என்று ஓய்வு கொடுத்தார்கள். மனுஷர் கலிஃபோர்னியாவுக்குப் போய் இன்னொரு கல்லூரிக்கு கோச் ஆனார். வாழ்ந்தது 102 வயது!

? ஃபுட்பாலை ஏன் கைவிட்டார்கள்? (திருச்சி)

இது அமெரிக்க ஃபுட்பால். 1939-ல் மிச்சிகன் பல்கலைக்கழகம் கொடுத்த அடி 85-0. அந்த வருஷக் கடைசியில் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் பூட்டுப் போட்டுவிட்டார். நாலே வருஷம் முன்பு, சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான முதல் ஹைஸ்மன் விருதை வாங்கிய ஜே பெர்வாங்கர் இதே கல்லூரிப் பையன். ஏறியதைவிட இறங்கியது வேகம்.

? ஜனங்கள் நெருக்கியடிக்கும் ஊருக்கு நடுவிலா அணு உலை? (நாகர்கோவில்)

ஊருக்கு வெளியே ஆர்கான் காட்டில் கட்டத்தான் திட்டம். தொழிலாளர் தகராறில் கட்டடம் இழுத்துக்கொண்டே போக, இங்கேயே முடிப்போம் என்றார் ஃபெர்மி. திட்டத்தின் தலைவர் ஆர்தர் காம்ப்டன் தலையாட்டினார். ஹட்சின்ஸிடம் மூச்சு விடவில்லை. கேட்டால் 'கூடாது' என்பார் என்று தெரியும். ஃபெர்மியின் கணக்கு சரியாக இருந்தது, ஊர் பிழைத்தது. ஆனாலும் ஊரைக் கேட்காமல் ஊர் நடுவே இதைச் செய்தது தப்பு என்பதே என் கட்சி.

? உலையை நேரில் பார்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? (பாளையங்கோட்டை)

கறுப்பு கிராஃபைட் கட்டிகள், 57 அடுக்கு. அடுக்கியவர்கள் முகமெல்லாம் கரி, தரையெல்லாம் வழுக்கல். சுற்றிலும் கவசச் சுவர் கிடையாது. தொடர்வினையை நிறுத்தும் அவசரக் கழியைக் கட்டிய கயிற்றை வெட்ட, கோடரியோடு ஒருவர் தயார்! காலையில் பாதுகாப்புக் கழி ஒன்று தானாகவே விழுந்து எல்லோரையும் தூக்கிவாரிப் போட்டது. ஃபெர்மி பதறவில்லை. சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று எழுந்துவிட்டார்.

? கிடைத்த மின்சாரம் எவ்வளவு? (ஈரோடு)

மின்சாரமே இல்லை, வெறும் வெப்பம்தான். அதுவும் அரை வாட்! நம் வீட்டுப் பழைய ஜீரோ வாட்ஸ் பல்பு அதைவிடப் பெரிய ஆள். வென்றதற்கு சக விஞ்ஞானி யூஜின் விக்னர் கொண்டுவந்த கியான்டி ஒயின், பேப்பர் கப்பில்.

? அந்த கேலரி இப்போது இருக்கிறதா? (மதுரை)

1957-ல் இடித்துவிட்டார்கள். ஒரு சுவரையாவது விட்டிருக்கக்கூடாதா என்று வயிறு எரிகிறது. உலை நின்ற இடத்தில் ஹென்றி மூர் செய்த வெண்கலச் சிற்பம், பக்கத்தில் பெரிய நூலகம். கொஞ்சம் தள்ளி, அதே ஸ்டாக் பெயரில் வேறு மைதானம். 1969-ல் ஃபுட்பாலும் திரும்பி வந்தது. கேலரிக்கு அடியில் இப்போது யாரும் எதையும் அடுக்கவில்லை, தைரியமாக உட்காரலாம்!