ஆறின சோறும் அறுசுவை விருந்தும்

கேள்வி: 'டிராகன் பால் இசட்' என்ற ஜப்பானிய அனிமேத் தொடரின் தொடர்ச்சியாக வந்த 'டிராகன் பால் சூப்பர்' தேறியதா, இல்லையா?

பதில்: தேறியது. முதல் தாளில் திணறி, கடைசித் தாளில் வெளுத்து வாங்கிய மாணவன் மாதிரி!

2015 ஜூலையில் தொடங்கிய தொடர், முதல் 27 பகுதிகளையும் ஏற்கெனவே திரைக்கு வந்த இரண்டு படங்களின் கதையைத் திரும்பச் சொல்லியே கழித்தது. படம் பார்த்தவர்களுக்கு அது ஆறின சோறு. ஓவியமும் கைகொடுக்கவில்லை. 5-ஆம் பகுதியில் நாயகன் கோகுவும் அழிவுக் கடவுள் பீரஸும் மோதும்போது முகங்கள் கோணியதைப் பார்த்து ரசிகர்கள் கொதித்தார்கள். பிறகு காணொளி வட்டாக வெளியிட்டபோது அதைத் திருத்த வேண்டியதாயிற்று. இன்னொரு சிக்கல், காலம். 'இசட்' முடிவதற்கு முந்தைய பத்தாண்டு இடைவெளிக்குள் இந்தக் கதை நடக்கிறது. யார் பிழைப்பார்கள் என்பது முன்பே தெரிந்தால் நெஞ்சு எப்படிப் படபடக்கும்?

அந்தப் படபடப்பைக் கடைசிப் போட்டி மீட்டுத் தந்தது. எட்டுப் பிரபஞ்சங்கள், தலா பத்து வீரர்கள், தோற்ற பிரபஞ்சம் அடியோடு அழியும். கோகுவின் கிழட்டுக் குரு ரோஷிக்கும் அதில் ஒரு கம்பீரமான இடம் உண்டு. பரம வைரி ஃப்ரீசாவே கோகுவோடு தோள்சேர்ந்து, எதிரணியின் வலிமையான வீரன் ஜிரெனை மேடையிலிருந்து தள்ளுகிறான். மேடையில் மிஞ்சுவதோ கோகு அல்ல, அவன் அணியைச் சேர்ந்த ஆண்ட்ராய்டு 17! அழிந்த பிரபஞ்சங்களை எல்லாம் திரும்பக் கொடு என்று வெற்றிப் பரிசாக அவன் கேட்கும் வரம், தொடரின் ஆகச் சிறந்த திருப்பம்.

2018 மார்ச்சில் 131-ஆம் பகுதியோடு தொடர் முடிந்தபோது, மெக்சிகோவில் பொதுத் திடல்களில் திரை கட்டிக் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள்.