கைபேசியதிகாரம்: முதல் நூற்பாவும் அதன் உரையும்

வாங்கும் முன்னர் வருவது விலையே;
வாங்கிய பின்னர் வருவது கருத்தே;
தவணை தீரும் நாள்வரை அதன்மேல்
அவதூ றொன்றும் பொறாஅன் என்ப.

இந்நூற்பா என்னுதலிற்றோ எனின், ஐபோன் உயர்ந்ததா ஆண்ட்ராய்டு உயர்ந்ததா என்று மாந்தர் கொள்ளும் கருத்துகள் பிறக்கும் இடமும் அவை நிலைக்கும் காலமும் உணர்த்துதல் நுதலிற்று. நூற்பாவும் யாமே செய்தது, உரையும் யாமே செய்வது. ஆசிரியர் கருத்தை உரைகாரர் திரித்துவிட்டார் என்ற பழிக்கு இங்கே இடமில்லை.

‘வாங்கும் முன்னர் வருவது விலையே’ என்பது வெளிப்படை. கைபேசிக் கடைக்குள் நுழைந்தவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி “பட்ஜெட் எவ்வளவு சார்?” என்பதுதான். எந்த இயங்குதளத்தின் பாதுகாப்புக் கொள்கை தங்கள் மனசாட்சிக்கு ஒத்துவரும் என்று எந்தக் கடைப்பையனும் வினவியதாகச் செய்தியில்லை. 15,000 என்றால் இந்தக் கண்ணாடிப் பெட்டி, 70,000 என்றால் அந்தக் கண்ணாடிப் பெட்டி.

‘வாங்கிய பின்னர் வருவது கருத்தே’ என்பதே நூற்பாவின் உயிர். காலையில் 15,000 என்று சொன்ன அதே மனிதர், இரவு மொட்டைமாடியில் நின்று, “ஐபோன்ல அப்படி என்னதான் இருக்கு? நினைச்ச பாட்டை ரிங்டோனா வைக்கிறதுக்குள்ள தாவு தீர்ந்துரும். பின்னாடி இருக்கிற ஆப்பிளுக்குத்தான் அவ்ளோ காசு” என்கிறார். பக்கத்து மாடிக்காரர், “ஒருவாட்டி யூஸ் பண்ணிப் பாருங்க, அப்புறம் திரும்பி வரவே மாட்டீங்க” என்கிறார். வர முடியாததற்கு இன்னும் பதினோரு தவணை பாக்கி இருப்பதும் ஒரு காரணம் என்பதை அவர் சொல்வதில்லை. சொல்லாதது எஞ்சி நிற்றலின் இதனை எச்சம் எனக் கொள்க.

கருத்து முதலில் வந்து, அதற்கேற்ற கருவியை மனிதர் தேடிப் போகிறார் என்பாரும் உளர். அற்றன்று. கருவி போன பக்கமெல்லாம் கருத்து பின்னாலேயே போயிருக்கிறது. 2010 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஏழு அங்குல டேப்லெட்டுகளை எள்ளினார். கூடவே உப்புத்தாளும் கொடுத்தால்தான் ஜனங்கள் விரலைத் தேய்த்துச் சிறிதாக்கி அவற்றைத் தொட முடியும் என்ற பொருள்படப் பேசினார். 2012 நவம்பரில் 7.9 அங்குல ஐபேட் மினி கடைக்கு வந்தது. பெட்டியில் உப்புத்தாள் இல்லை. வாங்கியவர் எவரும் கேட்கவுமில்லை. 2011இல் சாம்சங் 5.3 அங்குலத் திரையோடு நோட் என்ற கைபேசியை இறக்கியபோது, காதில் வைத்தால் இட்லித்தட்டைத் தூக்கிவைத்த மாதிரி இருக்கிறது என்று சிரித்தவர்கள், 2014இல் 5.5 அங்குல ஐபோன் 6 பிளஸ் வந்ததும் படம் பார்க்க வசதி என்று கண்டுகொண்டார்கள்.

எதிர்க்கட்சி மட்டும் யோக்கியமோ எனின், அதுவும் அன்று. 2016இல் ஐபோன் 7 காதுக்கருவி ஓட்டையை அடைத்தது. சாம்சங் அதை விளம்பரம் போட்டுக் கேலி செய்தது. கேலக்ஸி வைத்திருந்த ஒவ்வொருவரும் அந்த ஓட்டை மனித உரிமை என்று வாதாடினார்கள். 2019 நோட் 10இல் சாம்சங்கும் அடைத்தது. 2020இல் ஐபோன் பெட்டியிலிருந்து சார்ஜர் போயிற்று. மறுபடி கேலி. மூன்றே மாதத்தில், 2021 ஜனவரியில், கேலக்ஸி எஸ் 21 பெட்டியிலிருந்தும் சார்ஜர் போயிற்று. அன்றைக்கு மொட்டைமாடியில் எழுந்த வாதம்: “எல்லார் வீட்லயும்தான் நாலு சார்ஜர் கெடக்குதே!” இது எதிர்மாடியிலிருந்து இரவல் வாங்கிய வாதம். திருப்பிக் கொடுக்கப்படவில்லை.

இனி, இது ஊர்ப்பற்றால் விளைவது என்பார்க்கு மறுப்பு. 2013இல் ஆண்ட்ராய்டுப் பொறுப்பை ஏற்று, பின்னர் கூகுளுக்கே தலைவரான சுந்தர் பிச்சை மதுரையில் பிறந்தவர். ஐபோனோ ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலையிலேயே பூட்டப்படுகிறது. இரண்டு பக்கமும் நம்மூர்தான். ஆகவே ஊர்ப்பற்று இவ்வழக்கில் சாட்சி சொல்ல வராது.

கருவிகள் அடிப்படையிலேயே வேறு வேறு, அதனால்தான் கருத்தும் வேறு என்பதும் முழுதாகப் பொருந்தாது. 2017இல் வந்த ஐபோன் எக்ஸின் திரையைச் செய்து கொடுத்தது சாம்சங். அதைக் கையில் வைத்துக்கொண்டே, “சாம்சங் டிஸ்பிளே எல்லாம் கண்ணை உறுத்தும்” என்று சொன்னவர்கள் உண்டு. ஐபோனில் தேடல் தம்முடையதாகவே இருக்க வேண்டும் என்பதற்காக 2022ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குச் சுமார் 2,000 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற ஆவணத்தில் வெளிவந்தது. தொண்டர்கள் தெருவில் அடித்துக்கொள்ள, தலைவர்கள் வருடா வருடம் மொய் எழுதிக்கொள்வது நமக்குப் பழக்கமான காட்சிதான்; விரிக்கவில்லை.

அமெரிக்காவில் ஆண்ட்ராய்டுக்காரரோடு பேசினால் ஐபோனில் பச்சைக் குமிழி தோன்றும், அதனால் பள்ளிப் பிள்ளைகள் ஒதுக்கப்படுகிறார்கள் என்று ஒரு துயரக் கதை உண்டு. அக்கொடுமை நம் நாட்டில் பரவவில்லை. இங்கே எல்லாருக்கும் வாட்ஸாப். எல்லார் குமிழியும் பச்சை.

அஃதொக்கும், தவணை கட்டாதவருக்கும் கருத்து உண்டே எனின், நல்ல வினா. அலுவலகம் இலவசமாகக் கொடுத்த கைபேசியை வைத்திருப்பவரைக் கவனிக்க. அவர் அதைக் கூசாமல் ஏசுகிறார். பேட்டரி நிற்கவில்லை, படம் மங்கல், நெட்வொர்க் பிடிக்கவில்லை. அதே மாதிரியைக் காசு கொடுத்து வாங்கிய சக ஊழியருக்கு அதில் ஒரு குறையும் தட்டுப்படுவதில்லை. ஆகவே அவ்வினா நூற்பாவை மறுக்கவில்லை, வலுப்படுத்துகிறது. மகன் கழித்துக் கட்டிய கைபேசி அம்மாவுக்கு வருகிறதே, அங்கே என்ன நிலை எனின், அம்மாவின் கேள்வி ஒன்றே: “இதுல வாட்ஸாப் வருமாடா?” வரும் என்றால் நல்ல போன். இத்துறையில் சார்பற்ற ஆய்வாளர் அவர் ஒருவரே. அவரை எந்தக் கடையிலும் கருத்துக் கேட்பதில்லை.

டேப்லெட் பற்றித் தனியே நூற்பா செய்யாதது ஏன்? வாங்கிய கொஞ்ச நாளில் அது வீட்டுக் குழந்தையின் சோற்று வேளைக்கு என்று ஒதுங்கிவிடுகிறது. திரையில் சாம்பார் காய்ந்த கருவிக்காக யாரும் வாதாடுவதில்லை.

கடினமான தடை நோக்கியாவால் வருகிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் திறந்த அதன் ஆலை 2014இல் மூடியது. பிறகு அந்தப் பெயரைச் சுமந்த லூமியா வகை விண்டோஸ் கைபேசிகளும் ஓய்ந்தன. 2019 டிசம்பர் 31ஓடு வாட்ஸாப்பும் அவற்றைக் கைவிட்டது. தவணை தீர்ந்தது, கருவி தீர்ந்தது, ஆனால் “லூமியா கேமரா மாதிரி வருமா?” என்ற கருத்து மட்டும் தீரவில்லை. நூற்பாவின்படி அது எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். இதனை விதிவிலக்கு என்று ஒதுக்காமல், ‘என்ப’ என்ற சொல்லின் இலேசினால் கொள்க. இலேசு எதற்குத்தான் இருக்கிறது?

எஞ்சியது ‘பொறாஅன்’. இதன் முழு ஆற்றலும் எக்ஸ்சேஞ்ச் மேசையில் காணலாம். கடைக்காரர் பழைய கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு தொகை சொல்கிறார். “என்னங்க, ஒரு கீறல் இல்ல, முதல் நாள்லேர்ந்து கவர் போட்டு வச்சிருக்கேன், ஒரு நாள் ஹேங் ஆனதில்ல” என்று உடையவர் கொதிக்கிறார். கடைசியில் இருநூறு ரூபாய் கூட்டிக் கொடுத்து, புதுப் பெட்டியைப் பையில் போட்டு அனுப்புகிறார்கள். பழையது ஒன்றரை வருடமாக ஹேங் ஆகிக்கொண்டிருந்தது என்ற செய்தி, அன்றிரவு சாப்பாட்டின்போதுதான் வீட்டாருக்கு முதன்முறையாகத் தெரியவருகிறது.