திமிங்கிலம் தின்றவர்கள்

கேம்பிரிட்ஜில் 1820இல் தொடங்கிய ஒரு சங்கம் உண்டு. முதலில் இயேசுவின் சீடர்களைப் போல 12 பேர் இருந்ததால் அப்போஸ்தலர்கள் என்று பெயர். பரம ரகசியமான சங்கம். அதைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதிவிட்டார்கள்; படித்துத்தான் எனக்கே தெரியும்.

எனக்கு இதில் சொந்த வயிற்றெரிச்சல் ஒன்று. எங்கள் கல்லூரி இலக்கிய மன்றத்துக்கு நான் செயலாளர். நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம், வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னோம், 'கூட்டம் முடிந்ததும் சமோசா, டீ' என்று அடிக்கோடிட்டும் எழுதினோம். வந்தவர்கள் தலைவர், நான், மைக்செட்காரர். கூட்டம் முடிகிற நேரத்துக்குச் சரியாக இன்னும் நாற்பது பேர். அங்கேயோ சனிக்கிழமை ராத்திரி யாருக்கும் சொல்லாமல் கூடியிருக்கிறார்கள். கவிஞர் டென்னிசன், தத்துவஞானி ரஸ்ஸல், பொருளாதார நிபுணர் கெய்ன்ஸ் என்று ஆள் சேர்ந்திருக்கிறது.

ஆள் எடுக்கும் விதம் நம் பெண் பார்க்கும் படலமேதான். பெண்ணுக்கு மட்டும் விஷயம் தெரியாது. டீக்குக் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுப்பார்கள். வந்தவன் பாட்டுக்குக் குடித்துவிட்டுப் போவான். தனக்குக் 'கரு' என்று பெயர் வைத்திருப்பது அவனுக்குத் தெரியாது. தேர்வானால் 'பிறப்பு'. ஓய்வு பெற்றால் சிறகு முளைத்துத் 'தேவதூதர்'. (நிஜப் பெண்களைச் சேர்க்க 1970 வாக்கில்தான் மனம் வந்தது.) உறுப்பினர்கள் மட்டுமே நிஜம், மற்றவர்கள் வெறும் தோற்றம் என்று ஜெர்மன் தத்துவஞானி கான்ட்டிடம் கடன் வாங்கிய சித்தாந்தமும் உண்டு. ஆதிசங்கரர் உலகமே மாயை என்றார். இவர்கள் அதில் தங்களை மட்டும் கழித்துக்கொண்டார்கள்.

கணப்புக்கு முன்னால் விரித்த கம்பளத்தில் நின்று ஒருவர் கட்டுரை படிப்பார். கடைசியில் ஓட்டெடுப்பு, ஓட்டுக்கு விடும் கேள்விக்கும் படித்த கட்டுரைக்கும் சம்பந்தம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. பட்டிமன்றத் தீர்ப்பு கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. டென்னிசன் பேய்களைப் பற்றி எழுதிக்கொண்டு போய், படிக்கக் கூச்சப்பட்டு, கிழித்து நெருப்பில் போட்டுவிட்டாராம். பேய்க்குப் பயப்படாதவர் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பயந்திருக்கிறார். தின்பதற்கு டோஸ்ட் மேல் மத்தி மீன். அதற்கு அவர்கள் வைத்த பெயர் திமிங்கிலம்!

1855இல் சேர்ந்த ஹென்றி ஜான் ராபி, வாராவாரம் வர நேரமில்லை என்று சொல்லிவிட்டார். உடனே அவரைச் சபித்து, அவர் பெயரை இனிமேல் சின்ன எழுத்தில்தான் எழுதுவது என்று விதித்தார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்தச் சாபத்தைப் படித்துக் காட்டுவது சம்பிரதாயமாயிற்று. ராபி என்னவோ லத்தீன் இலக்கணம் எழுதிப் பேர் வாங்கி, நாடாளுமன்றத்துக்கும் போய்விட்டார். தமிழில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து கிடையாது. இந்தப் பக்கத்திலாவது மனிதர் முழு மரியாதையோடு இருக்கட்டும்.

கணித மேதை ராமானுஜனை 1914இல் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஜி.எச்.ஹார்டியும் இந்தச் சங்கத்து ஆள்தான். ராமானுஜன் உறுப்பினர் இல்லை. ஆகவே விதிப்படி, நிஜமான ஹார்டி, வெறும் தோற்றமான ஒரு கும்பகோணத்துக்காரருடன் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். கூப்பிட்டிருந்தாலும் ராமானுஜன் சேர்ந்திருக்கமாட்டார். தன் அறையிலேயே சமைத்துச் சாப்பிட்ட சுத்த சைவ உணவுக்காரர். தட்டில் திமிங்கிலத்தைப் பார்த்திருந்தால் அடுத்த கப்பலிலேயே ஊர் திரும்பியிருப்பார்.