கிளீட்டியல்: ஓர் அறிமுகம்

பாய்மரப் படகின் தளத்தில் கயிற்றைக் கட்டி நிறுத்துவதற்காகப் பதிக்கப்படும் சிறு சாதனம் கிளீட் எனப்படும். அதன் கடமைகள் இரண்டே: பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிப்பது, விட வேண்டிய நேரத்தில் விடுவது. நடைமுறையில் இவை இடம் மாறி நிகழ்வதால்தான் கிளீட்டியல் என்னும் துறைக்கே வேலை இருக்கிறது.

வகைகளில் மூத்தது கொம்புக் கிளீட். அடியைச் சுற்றி ஒரு முழுச் சுற்று, கொம்புகளின் மேல் எட்டு வடிவில் ஒரு குறுக்குச் சுற்று, கடைசியில் ஒரு மடக்குப் பூட்டு, அவ்வளவுதான் முறை. இதற்கு மேல் சுற்றுபவர் கணிதத்தை நம்பாதவர். ஆய்லர், எய்ட்டெல்வைன் இருவர் பெயரால் வழங்கும் சமன்பாட்டின்படி, உராய்வுக் கெழு 0.25 என்றால், ஒரு சுற்று பிடியை ஏறக்குறைய 5 மடங்காக்கும். இரண்டு சுற்று 23 மடங்கு, மூன்று சுற்று 111 மடங்கு. மறுமுனையைக் குழந்தை பிடித்திருந்தாலும் போதும் என்பது இதன் பொருள். ஆயினும் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, மேலே இரண்டு முடிச்சும் போட்டால்தான் சிலருக்குத் தூக்கம் வரும். கயிறு அவிழாது என்ற அவர்களுடைய நம்பிக்கை, அவசரமாக அவிழ்க்க வேண்டிய அன்று முழுமையாக மெய்ப்பிக்கப்படும்.

கயிற்றின் விட்டத்தில் ஒவ்வொரு 1/16 அங்குலத்துக்கும் ஓர் அங்குல நீளம் என்பது கிளீட்டுக்கான பழைய கணக்கு. அரை அங்குலக் கயிற்றுக்கு 8 அங்குலக் கிளீட் வேண்டும். படகோடு வந்தது சிறியதாக இருந்தால் மாற்றிவிடுவதே முதல் திருத்தம்.

கொம்பின் பெருங்குறை வேறு. படகு காற்றின் குறுக்கே திரும்பும்போது முன்பாயின் கயிறு தளத்தைப் பெருக்கிக்கொண்டு மறுபக்கம் ஓடும். வழியில் நிற்கும் கொம்பு அதைக் கவ்விக்கொள்ளும். கட்டிய கயிறு நழுவும், கட்டாத கயிறு சிக்கும் என்பதைக் கிளீட்டியலின் முதல் விதியாகக் கொள்ளலாம். பயன்படாதபோது தளத்தோடு மடங்கிப் படுத்துக்கொள்ளும் கிளீட் இதற்கு மருந்து. விலை அதிகம் என்பவர்கள் கொம்பின் நுனிக்குக் குறுக்கே ஒரு ரப்பர் கயிற்றை இழுத்துக் கட்டுவார்கள். அழகில்லை, ஆனால் வேலை செய்யும்.

கேம் கிளீட்டில் சுருள்வில் பொருத்திய இரு பற்சக்கரத் துண்டுகள் கயிற்றை நடுவில் இறுக்கும். இங்கே சிக்கல் முழுவதும் கோணத்தில் இருக்கிறது. படகோட்டி விளிம்பில் அமர்ந்து மேல்நோக்கி இழுத்தால் கயிறு பற்களுக்குள் இறங்காது. எனவே கிளீட்டின் அடியில் ஆப்பு வைத்து அதைச் சாய்ப்பார்கள். சாய்வு கூடிவிட்டால் கயிறு வெளியே வராது. பெருங்காற்றடிக்கும் நேரத்தில் பாயைத் தளர்த்த முடியாமல் படகு கவிழும். சரியான கோணம் இவ்விரு துன்பங்களுக்கும் நடுவே எங்கோ உள்ளது. திருகாணியைத் திரும்பத் திரும்பக் கழற்றியே அதைக் கண்டடைய வேண்டும்.

திருத்தத்துக்குச் சட்டமும் குறுக்கே நிற்பதுண்டு. புரூஸ் கர்பி வடிவமைத்த லேசர் படகில், விதி வெளிப்படையாக அனுமதிக்காத எதையும் மாற்றக் கூடாது. பாயை இறுக்கும் சில கயிறுகளுக்குக் கூடுதல் கப்பி மறுக்கப்பட்ட காலத்தில், போட்டியாளர்கள் கயிற்றிலேயே கண்ணி மேல் கண்ணியாகப் போட்டுக் கயிற்றையே கப்பியாக்கினார்கள். கடைசியில் விதிதான் இறங்கி வந்தது. 2000களின் தொடக்கத்தில் கப்பிகளும் தளத்துக் கேம் கிளீட்டுகளும் ஏற்கப்பட்டன.

எந்தக் கிளீட்டானாலும் அதைப் பதிப்பதில்தான் உண்மையான கல்வி தொடங்குகிறது. மரத்திருகாணி போதாது, தளத்தை ஊடுருவும் போல்ட்டும், அடியில் சுமையைப் பரப்பும் தகடும் வேண்டும். பல படகுகளின் தளம் கண்ணாடியிழைப் படலங்களுக்கு நடுவே பால்சா மரம் வைத்தது. துளைவழியே நீர் புகுந்தால் அந்த மரம் உளுத்துவிடும். ஆகவே துளையைப் பெரிதாகப் போட்டு, எப்பாக்சியால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவே மீண்டும் துளைக்க வேண்டும். இது தேவையற்ற வேலை என்று கருதுவோர் சில ஆண்டுகளில் தளத்தையே புதுப்பிப்பார்கள்.

போல்ட்டின் நட் எப்போதும் படகறையின் உட்கூரையில், கை நுழையாத மூலையில் அமையும். மேலே ஒருவர், கீழே ஒருவர் தேவை. "பிடிச்சாச்சா?" என்ற கேள்விக்கு "எதை?" என்று பதில் வந்தால் வேலையை அன்றைக்கு நிறுத்திவிடுவது குடும்பத்துக்கு நல்லது.

புதிய கிளீட்டை முதலில் சோதிப்பது பெரும்பாலும் கால் சுண்டுவிரல். தளத்தில் காலணியோடு நடக்கவும்.