கிளம்புமுன் ஒரு சின்ன ஜெபம்

கிறிஸ்துமஸுக்குத் தூத்துக்குடிப் பக்கம் நாசரேத் போய்ச் சென்னை திரும்பிவிட்டோம். இடுப்பு வலிதான் இன்னும் திரும்பிப் போகவில்லை. 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் வலிக்காதா என்கிறார்கள். ஓட்டியதில் வந்த வலி இல்லை இது. ஓட்ட ஆரம்பிக்குமுன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததில் வந்தது. விசுவாசத்தைப் பற்றி இந்தப் பயணத்தில் எனக்கு ஒரு தெளிவு கிடைத்தது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். முதலில் அந்த ஜெபத்தை முடித்துவிடுகிறேன்.

மார்கழிப் பனி கண்ணாடியில் வழிய, விடிகாலை நாலு மணிக்கு வண்டியை ஸ்டார்ட் செய்தேன். ஐந்துக்குள் பெருங்களத்தூரைத் தாண்டிவிட்டால் தப்பித்தோம். பின்சீட்டிலிருந்து அத்தை, "சின்னதா ஒரு ஜெபம் பண்ணிட்டு எடுங்க மாப்பிள்ளை" என்றார். எடுக்க இருந்த கையை எடுத்துவிட்டேன்.

முதலில் நன்றி. போன வருஷத்துக்கு, அதற்கு முந்தின வருஷத்துக்கு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வெள்ளத்தில் சொந்தபந்தங்களை மொட்டைமாடியில் வைத்துக் காத்ததற்கு. இதற்கு நானும் மனசார ஆமென் சொன்னேன். அத்தோடு முடித்திருக்கலாம். அத்தை டயர்களுக்குப் போனார். ஸ்டெப்னி உட்பட ஐந்தையும் ஒப்புக்கொடுத்துவிட்டு ரோட்டுக்கு வந்தார். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று டோல்கேட் டோல்கேட்டாக ஆண்டவரை முன்னே போகச் சொன்னார். ஃபாஸ்டேக்கில் காசு போட்டவன் பெயர் எந்த டோல்கேட்டிலும் வரவில்லை.

"இந்த வண்டிக்கு நீரே சாரதியா இரும் தகப்பனே." சாரதி சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். கொஞ்சம் நகர்ந்துகொள்ளலாமா என்று தோன்றியது. அடுத்த வரியில் என் பெயர் வந்தது. "மாப்பிள்ளையோட வேகத்தைக் கட்டுப்படுத்தும். லாரிக்காரனோட போட்டி போடுகிற மாம்ச சிந்தையை எடுத்துப்போடும். திண்டிவனம் தாண்டினதும் போனைப் பார்க்கிற கண்களைப் பரிசுத்தப்படுத்தும்." இதையே நேரில் சொன்னால் நானும் நாலு வார்த்தை பேசலாம். ஜெபத்தில் சொன்னால் ஆமென் ஒன்றுதான் பதில். நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி சொல்லிவிட்டாள், சத்தமாக.

"இயேசுவின் இன்ப நாமத்தில்..." கியருக்குக் கை போனது. "...இன்னும் ஒரு காரியம் ஆண்டவரே." கை திரும்பி வந்தது. துபாயில் இருக்கும் தன் கொழுந்தனின் விசா, அவர் மகளின் நீட் தேர்வு, எதிர்வீட்டுக்காரர் போட்ட கேட்டு. சென்னையிலிருந்து வண்டி ஒரு அடி நகரவில்லை. அத்தை துபாய் வரை போய்விட்டு வந்தார்.

ஒருவழியாக ஆமென் விழுந்தது. மாமா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தொண்டையைச் செருமினார். "ஒரு சங்கீதம் வாசிச்சிருவோம்." 121 என்று நம்பினேன். பயணத்துக்கு எல்லாரும் வாசிப்பது, எட்டே வசனம். மாமா திறந்தது 119. வேதாகமத்திலேயே நீளமான அதிகாரம், 176 வசனம். ஆலெப் என்ற முதல் பகுதியில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அடுத்த பேத்தில் மாமாவின் மூக்குக்கண்ணாடியைப் பனி பிடித்துக்கொண்டதால் தப்பித்தோம். ஸ்தோத்திரம். பெருங்களத்தூர் போய்ச் சேர்ந்தபோது விடிந்து, ஊரே ரோட்டில் இருந்தது.

அந்த நெரிசலில் மிஷனரி கால்டுவெல் ஐயரை நினைத்துக்கொண்டேன். சென்னையிலிருந்து நடந்தே புறப்பட்டு 1841-ல் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தவர். எப்படி முடிந்தது என்று வியப்பவர்கள் அவர் கல்யாணத் தேதியைப் பார்க்க வேண்டும்: 1844. அவ்வளவு தூரம் நடந்தது கல்யாணத்துக்கு முன்பு. அப்புறம் அதே இடையன்குடியில் 1847-ல் ஆரம்பித்த கோயில் 1880-ல்தான் முடிந்தது. அஸ்திவார ஜெபத்தை யார் பண்ணினார்களோ.

யோசேப்பையும் நினைத்தேன். கிறிஸ்துமஸ் கார்டுகளில் மரியாளுக்குக் கழுதை கொடுத்திருக்கிறார்கள், லூக்கா கொடுக்கவில்லை. கர்ப்பிணியை அழைத்துக்கொண்டு நாசரேத்திலிருந்து பெத்லகேம் வரை போனவர், இடமில்லை என்று சொன்ன பிறகும் ஒரு வார்த்தை பேசியதாக நாலு சுவிசேஷத்திலும் இல்லை. பேசி என்ன ஆகப்போகிறது என்று தெரிந்த மனிதர்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. பேச்சை வளர்க்காதீர்கள், நீங்கள் கேட்குமுன்பே பிதாவுக்குத் தெரியும் என்று இயேசு மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் சொல்லிவிட்டு, அரை நிமிஷத்தில் முடிகிற ஒரு ஜெபத்தையும் அவரே கற்றுக்கொடுத்தார். அதை ஞாயிறுதோறும் ஒப்பித்துவிட்டு வருகிற நாம்தான் அவருக்கு டோல்கேட் பட்டியல் கொடுக்கிறோம். எனக்குக் கிடைத்த தெளிவு இதுதான்: நம்பிக்கை உள்ளவன் ஒரு தடவை சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவான். பயந்தவன்தான் விக்கிரவாண்டியை மறந்துவிடுவாரோ என்று நினைவுபடுத்திக்கொண்டிருப்பான். இதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் இதற்காகவே ஒரு உபவாச ஜெபம் வைத்துவிடுவார்.

ஊரில் விடியற்கால ஆராதனை, கறிச்சோறு எல்லாம் முடிந்து, கிளம்புவதற்கு முந்தின நாள் முதலூருக்குப் போனோம். 1799-ல் திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென்று முதலில் எழும்பிய ஊர் என்று மாமா வரலாறு சொல்லிக்கொண்டு வந்தார். தேங்காய்ப்பாலில் கிண்டிய மஸ்கோத் அல்வாவைச் சுடச்சுட வாங்கி வண்டிக்குள் பிரித்தார்கள். காப்பிக்குக்கூடக் கண் மூடும் குடும்பம். அன்றைக்கு ஒருவர் கண்ணும் மூடவில்லை, ஒரு ஸ்தோத்திரம் இல்லை. யாராவது செய்ய வேண்டாமா என்று நான் மட்டும் மூடினேன். திறந்தபோது எண்ணெய்க் காகிதம்தான் இருந்தது. "சின்னதா முடிக்கணும் மாப்பிள்ளை" என்றார் அத்தை, விரலை நக்கிக்கொண்டே.