பாண்டிச்சேரிக்கு ஒரு மாலை

கடலைப் பார்த்துக்கொண்டே பாண்டிச்சேரி போய்விட்டு ராத்திரிக்குள் திரும்பிவிடலாம் என்பது பெரியப்பாவின் திட்டம். அபிராமபுரத்திலிருந்து ஆறு மணிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. சனிக்கிழமை ஒன்பதுக்கு ராகுகாலம் என்பதால், எட்டே முக்காலுக்கு வண்டியைப் பத்தடி நகர்த்தி நிறுத்தி, சாஸ்திரப்படி புறப்பட்டாயிற்று. பிறகு எல்லோரும் இறங்கிப் போய் கேஸை மூடிவிட்டு, புளியோதரைத் தூக்கை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

திருவான்மியூர் தாண்டினால் கடல் என்றார் பெரியப்பா. தாண்டினோம். உத்தண்டி டோல்கேட் வரை இடப்பக்கம் மதில் சுவர்தான். சுவருக்குப் பின்னால் பங்களா, பங்களாவுக்குப் பின்னால் கடல் என்று கேள்வி. முட்டுக்காடு பாலத்தில் முகத்துவாரம் வழியாக அது ஒரு கணம் எட்டிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து எல்லோரும் வலப்பக்கம் போட் ஹவுஸில் எவ்வளவு கூட்டம் என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

கோவளம் தாண்டியதும் பெரியம்மா, "அப்படியே லெஃப்ட்ல ஓரமா நிறுத்துப்பா" என்றார். திருவிடந்தை. நித்தியகல்யாணப் பெருமாள் கோயில். பெரியப்பா மகனுக்கு வயது முப்பத்துநாலு. அவன் முகத்தைப் பார்த்ததும்தான் இந்தக் கடல் திட்டத்தின் ஆழம் எனக்குப் புரிந்தது. காலவ முனிவரின் 360 பெண்களை, நாளுக்கு ஒருத்தியாகப் பெருமாள் மணந்தார் என்பது தலபுராணம்.

"ஆபீஸ்ல யாரு அவருக்கு அத்தனை லீவு கொடுத்தாங்க?" என்றான் அண்ணன்.

"வாயை மூடிக்கிட்டு மாலையைப் போட்டுக்க."

போட்டுக்கொண்டு பிரகாரம் சுற்றினான். அந்த மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் முடிந்ததும் தம்பதியாகக் கொண்டுவர வேண்டும். ஆகவே அது ஒரு பையில் ஏறி, டிக்கியில் ஆறாவது ஆளாக வந்தது.

வடநெம்மேலியில், 1976-இல் ராமுலஸ் விட்டேகர் தொடங்கிய முதலைப் பண்ணை. வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்த முதலைகளைப் பார்த்து அண்ணன் மட்டும் நெடுநேரம் பொறாமைப்பட்டான். மாமல்லபுரத்தில் பல்லவர்களுக்குப் பத்து நிமிடம். மரக்காணம் உப்பளத்தைக் கண்டதும் பெரியப்பா, 1930-இல் ராஜாஜி உப்பு அள்ளிய இடம் இதுதான் என்று கண்கலங்கினார். அது வேதாரண்யம், இன்னும் வெகு தெற்கே. புளியோதரை சாப்பிடும் நேரத்தில் யார் திருத்துவது?

கடல் கடைசியில் புதுச்சேரியில்தான் கிடைத்தது. அங்கேயோ துறைமுகம் வந்தபின் மணல் அரித்துப்போய், கரையில் பெரும்பாலும் கருங்கல். கால் நனைக்க ஆசைப்பட்டு வந்த பெரியம்மா, கல்மேல் உட்கார்ந்து கேன் தண்ணீரை ஊற்றி நனைத்துக்கொண்டார்.

திரும்பும்போது எல்லையில் மதுவிலக்குச் சோதனை. டிக்கியைத் திறந்த இளம் கான்ஸ்டபிள் பையை அமுக்கிப் பார்த்து, முகர்ந்து, பிரித்தார்.

"திருவிடந்தையா சார்?"

"ஆமாங்க, பையனுக்கு."

"எங்க தங்கச்சியும் போன மாசந்தான் சார் மாலை போட்டுட்டு வந்துச்சு."

பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்தது. பெரியம்மா கண்ணாடியை முழுக்க இறக்கினார்.

"என்ன நட்சத்திரம் தம்பி?"